பால் சர்க்கரையும் டெல்லிக் குளிரும்

டிசம்பர் பிறந்தால் டெல்லியில் நம்மூர்க்காரங்க வீட்டில் ரெண்டு விஷயம் நடக்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாய் உறையும். பிள்ளைகளுக்குக் கன்னமும் முழங்காலும் வெள்ளை வெள்ளையாய்ப் பொரிந்து போகும். எங்க வீட்டுச் சின்னவளுக்கு இந்தத் தடவை விரல் முட்டியில் வெடிப்பு விட்டு ரத்தமே எட்டிப் பார்த்தது.

"எரியுதுப்பா" என்று அவள் அழ, தங்கமணி பதறிப் போய் அறுநூறு ரூபாய்க்கு ஒரு லோஷன் வாங்கி வந்தார். பாட்டில் முழுக்கப் பால் ஊற்றுகிற படம். 'பால் சர்க்கரையின் ஈரப்பதம்' என்று கொட்டை எழுத்து.

நான் மாத்திரை செய்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவன். பால் சர்க்கரை, அதாவது லாக்டோஸ், எனக்குப் பழைய சிநேகிதம். பசும்பாலில் நூற்றுக்கு நாலரை, அஞ்சு பங்கு இருக்கும். பால் திரிந்த பிறகு மிஞ்சுகிற தண்ணியிலிருந்து பிரித்து எடுப்பார்கள். சர்க்கரைக்குத் தண்ணியைக் கொஞ்சம் பிடித்து வைக்கிற குணம் உண்டு, ஆகவே கிரீமில் சேர்ப்பது தப்பில்லை. ஆனால் ஒரு வேடிக்கை. மாத்திரையில் மருந்து இத்தனூண்டுதான். மிச்சத்தை நிரப்ப மூட்டை மூட்டையாய் நாங்கள் கொட்டுவது இதே லாக்டோஸ். ஏன்னா அது காற்றிலுள்ள ஈரத்தைச் சுலபத்தில் இழுக்காது, மாத்திரை நமுத்துப் போகாது. எங்களிடம் ஈரம் இழுக்காது என்று விலை போகிற சரக்கு, அழகுக் கடையில் ஈரம் தரும் என்று விலை போகிறது :-)

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசையாய்ப் போடணும் என்பது நம் நாட்டு விதி. அதற்கும் குறைந்தவை கடைசியில் எப்படி வேணா வரலாம். முதலில் தண்ணீர், அடுத்து கிளிசரின், அப்புறம் எண்ணெய் வகைகள். லாக்டோஸ் வாசனைத் திரவியத்துக்கும் பின்னால் வாலாய் நிற்கிறது. உழைப்பது கிளிசரின், பேர் வாங்குவது பால்!

மாமியார் போனில், "எதுக்கு மாப்பிள்ளை காசைக் கரியாக்குறீங்க, பாலாடையைத் தேய்ச்சு விடுங்க" என்றார். பாலாடையில் வேலை செய்வது கொழுப்பு. தயிரில் என்றால் பாக்டீரியா இந்தச் சர்க்கரையைத் தின்று உண்டாக்கும் லாக்டிக் அமிலம். நல்ல சரக்குதான், ஆனால் வெடித்த தோலில் வைத்தால் உயிர் போகும். இந்த மூன்றையும் ஒரே பால் படத்தில் குழைத்து விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

என் கட்சி இதுதான். கீசர் சூட்டைக் குறைத்துச் சீக்கிரம் குளிப்பாட்டுங்கள். துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கிளிசரின் முன்வரிசையில் இருக்கிற சாதாரண லோஷனைத் தடவுங்கள். மேலே பெட்ரோலியம் ஜெல்லியோ, வெயிலில் வைத்து உருக்கிய தேங்காய் எண்ணெயோ பூசுங்கள். டெல்லி வறட்சியில் மூடி போடாத ஈரம் நிற்காது. ரத்தம் வந்தாலோ நீர் வடிந்தாலோ தோல் டாக்டரிடம் போங்கள்.

சின்னவளுக்குப் பத்து நாளில் வெடிப்பு மூடிவிட்டது. அறுநூறு ரூபாய் பாட்டிலும் காலியாகிறது. தங்கமணி அதைக் காலுக்குப் போடுகிறார்.

பி.கு: பால் குடித்தால் வயிறு ஊதுகிற பிள்ளைக்கு இந்த லோஷன் ஆகாதோ என்று பயப்பட வேண்டாம். அது குடல் சமாச்சாரம். பால் புரத அலர்ஜி வேறு. அந்தப் பிள்ளைகளுக்குப் பால் சேர்ந்த எந்தக் கிரீமையும் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.