அரை மணி நேரச் சோறு யார் கையில்?

"அடுப்பு மூட்ட நேரம் எங்கேங்க இருக்கு? ரெண்டு பாக்கெட் மீயைப் பிரிச்சுப் போட்டா வேலை முடிஞ்சுது!"

இந்தப் பேச்சை இன்று சுங்கை சிப்புட்டிலும் கேட்கலாம், பீடோரிலும் கேட்கலாம், ஈப்போ புந்தோங்கிலும் கேட்கலாம். இப்படிப் பேசுகிறவர்களை நாம் குறை சொல்லப் போவதில்லை. விடியுமுன் செம்பனைக் காட்டுக்குப் போய்க் குலை சுமந்தவருக்கும், தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு பஸ்ஸிலேயே தூங்கி வந்தவருக்கும் அடுப்பைக் கண்டால் அலுப்புத்தான் வரும்.

ஆனால் ஒன்று கேட்கிறோம். நேரமில்லை என்பது நமக்குப் புதிய கதையா?

பால்மரக் காலத்தில் நம் தாய்மார்கள் காலை நாலு மணிக்கு எழுந்தார்கள். சோறு வடித்து, குழம்பு கூட்டி, தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு, கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, இருட்டோடு பெரட்டில் போய் நின்றார்கள். இதைவிட அவசரச் சமையல் உலகத்தில் எங்கே உண்டு?

அது முடிந்ததற்குக் காரணம் மூன்று. இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு ஒன்று. தகரத்தில் இருந்த பருப்பு, புளி, மிளகாய்த்தூள், கருவாடு இரண்டாவது. லயத்துக்குப் பின்னால் இருந்த கொல்லை மூன்றாவது. முருங்கை, பசலை, கத்தரி, கறிவேப்பிலை, மரவள்ளி எல்லாம் அங்கேயே கிடைத்தன. கடைக்காரரின் '555' புத்தகத்தில் அரிசிக்குக் கடன் ஏறியிருக்கும், எண்ணெய்க்கும் ஏறியிருக்கும். கீரைக்கு ஏறியதே இல்லை. வெள்ளைக்காரன் காலத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பம் உள்ள தொழிலாளிக்குக் காய்கறி போடவும் ஆடு மாடு மேய்க்கவும் நிலம் ஒதுக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஜப்பான்காரன் ஆட்சி செய்த 1942 முதல் 1945 வரை அரிசி வரத்து நின்றபோது, பல குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தது மண்ணுக்குள் விளைந்த மரவள்ளிக்கிழங்குதான்.

நம் சாப்பாடு ஏழைச் சாப்பாடு, சத்தில்லாத சாப்பாடு என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் 'பெரிபெரி' என்ற நோய் ஆயிரக்கணக்கானோரை வீழ்த்தியது. தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிட்ட சுரங்கத் தொழிலாளிகள் கால் வீங்கிச் செத்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளியை அந்த நோய் பெரும்பாலும் அண்டவில்லை. 1905-ல் டாக்டர் ஃபிளெட்சர் என்பவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு பிரிவினருக்கு வெள்ளை அரிசியும் இன்னொரு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் பிடித்தது வெள்ளை அரிசிப் பிரிவைத்தான். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்குகிறது என்பது பின்னால் தெரிந்த விஞ்ஞானம். விஞ்ஞானம் வருமுன்பே நம் பாட்டிமார் சட்டியில் அது வெந்துகொண்டிருந்தது!

பிறகு என்ன ஆனது? தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய் செம்பனை வந்தது. பல இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தை விட்டு நாம் அடுக்குமாடிக்கு ஏறினோம். சட்டி பானை கூட வந்தது, கொல்லை வரவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பாக்கெட் மீ வந்து உட்கார்ந்தது. 1958-ல் ஜப்பானில் பிறந்த சரக்கு அது. மழை நாளில் ஒரு வேளை சாப்பிட்டால் பாவமில்லை. அதுவே அன்றாடச் சாப்பாடானால், மாவும் எண்ணெயும் உப்பும்தான் பிள்ளையின் உடம்பில் சேரும்.

சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய ஆய்வு, நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் 18 பேருக்கு இனிப்பு நீர் இருப்பதாகச் சொன்னது. இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களுக்கு! மீ மட்டும் இதற்குக் காரணமில்லை. சீனி கொட்டிய தேத்தண்ணியும், மலைபோல் குவித்த வெள்ளைச் சோறும், பரம்பரையும் சேர்ந்ததுதான். ஆனாலும் தட்டில் பருப்பும் கீரையும் குறைந்துபோனதை மறைக்க முடியுமா?

வெறும் உபதேசம் செய்ய நாம் வரவில்லை. அரை மணியில் முடிகிற மூன்று வகை இதோ.

சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு குவளை மைசூர்ப் பருப்பை மூன்று குவளைத் தண்ணீரில் பூண்டு, வெங்காயம், மஞ்சளோடு போடுங்கள். இந்தப் பருப்பை ஊற வைக்க வேண்டியதில்லை; இருபது நிமிடத்தில் குழையும். இரண்டு பிடி முருங்கைக்கீரை போட்டு ஐந்து நிமிடம் விட்டு, உப்புப் போட்டு, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் போதும்.

ஈப்போ தவுகேவுக்குப் பேர்போன ஊர். ஒரு பிடி நெத்திலியைக் கழுவிப் பொரித்து, பூண்டு தட்டிப் போட்டு, தவுகேயை ஐந்து நிமிடம் பிரட்டி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். நெத்திலியிலேயே உப்பு இருக்கிறது. தனி உப்பு வேண்டாம்.

சாடின் டின் ஒன்று இருக்கிறதா? இரண்டு பெரிய வெங்காயத்தை வதக்கி, பச்சை மிளகாய், மிளகாய்த்தூள், கொஞ்சம் புளித்தண்ணீர் சேர்த்துக் கொதிக்க விட்டு மீனைப் போடுங்கள். பதினைந்து நிமிடம். நாலு பேர் சாப்பிடலாம்.

இதையெல்லாம் சொல்லி, "அம்மா, நீங்க இன்னும் சீக்கிரம் எழுந்திரிங்க" என்று முடித்தால் நம்மைப்போல் அநியாயக்காரர் இருக்க முடியாது. அந்தக் காலச் சமையலைப் புகழ்கிறோமே, அதன் பாரம் யார் தலையில் இருந்தது? ஆணும் பெண்ணும் ஒரே காட்டில் மரம் வெட்டினார்கள். வீடு திரும்பியதும் அவர் திண்ணையில் சாய்ந்தார். அவள் அடுப்படியில் குனிந்தாள். அவளுக்கு இரண்டு பெரட்டு, சம்பளமோ ஒன்றுக்குத்தான். இன்று பாக்கெட்டைப் பிரிக்கிற கை அலுத்துப்போன கை. அதைத் திட்டுவதில் என்ன நியாயம்?

அண்ணன்மார்களே, உங்களைத்தான் கேட்கிறோம். கல்யாண வீட்டில் அண்டா அண்டாவாகச் சமைக்கிறவன் ஆம்பளைதானே? அங்கே குறையாத கௌரவம் சொந்த வீட்டு அடுப்பில் மட்டும் குறைந்துவிடுமா? பருப்புக் கழுவத் தெரியாத கை எந்த வீட்டிலும் இல்லை. கழுவாத கைதான் உண்டு. மகனுக்கு வெங்காயம் நறுக்கவும், மகளுக்கு நறுக்காமல் ஒரு நாள் உட்கார்ந்து படிக்கவும் சொல்லிக் கொடுங்கள்.

கொல்லை போனது போனதுதானா என்றால், முழுவதும் போகவில்லை. மாடி வீட்டு வாசலில் பழைய பெயிண்டு வாளியில் கறிவேப்பிலை வளரும். பசலை கம்பியில் ஏறும். கட்டடத்துக்கு அருகில் சும்மா கிடக்கும் இடத்தில் பொதுக் காய்கறிப் பாத்தி கேட்டு, நாலு குடும்பம் சேர்ந்து மனுப் போடலாம். வீடு கேட்கத் தெரிந்த சமூகத்துக்குப் பாத்தி கேட்கத் தெரியாதா?

அரை மணி நேரச் சோறு நம் கையில்தான் இருக்கிறது. அது ஒருத்தியின் கையாக மட்டும் இருக்கக் கூடாது. நாளைக்கே வீட்டில் பேசி, எந்தக் கிழமை யார் அடுப்பு என்று முடிவு பண்ணுங்கள்!