கடிதம் யாருடைய சொத்து?

ஒரு பெண் தன் கணவனுக்குக் கடிதம் எழுதுகிறாள். கோபத்தில் நாலு வரி, அழுகையில் நாலு வரி, குழந்தையின் பள்ளிக்கூடச் சமாசாரம் இரண்டு வரி. உறையை ஒட்டித் தபாலிலும் போட்டுவிடுகிறாள். இப்போது அந்தக் கடிதம் யாருடைய சொத்து?

"இதென்ன கேள்வி? யாருக்கு வந்ததோ அவருக்குத்தான்!" என்பீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, அம்மணி! 1741-லேயே இங்கிலாந்தில் இதற்கு வழக்கு நடந்திருக்கிறது. அலெக்ஸாண்டர் போப் என்ற கவிஞர், தம் கடிதங்களை அச்சுப் போட்ட எட்மண்ட் கர்ல் என்ற புத்தக வியாபாரியைக் கோர்ட்டுக்கு இழுத்தார். காகிதம் கிடைத்தவருக்குச் சொந்தம். அதில் உள்ள எழுத்தைப் பிரசுரிக்கும் உரிமை எழுதினவருக்கே என்று தீர்ப்பாயிற்று. போப் எழுதிய கடிதங்களுக்குத் தடை கிடைத்தது. அவருக்குப் பிறர் எழுதியவற்றுக்குக் கிடைக்கவில்லை. தீர்ப்பளித்தவர் ஹார்ட்விக் பிரபு.

இந்தப் பெயர் நினைவிருக்கட்டும். அமெரிக்காவில் எலிஸபெத் ஹார்ட்விக் என்று ஓர் எழுத்தாளர் இருந்தார். நாவலாசிரியை, விமரிசகர். 1963-ல் 'நியூயார்க் ரெவ்யூ ஆஃப் புக்ஸ்' பத்திரிகையைத் தொடங்கியவர்களில் ஒருவர். கவிஞர் ராபர்ட் லோவெலை 1949-ல் மணந்துகொண்டார். 1970-ல் இங்கிலாந்துக்குப் போன கணவர் அங்கே காரோலின் பிளாக்வுட் என்ற பெண்மணியிடம் மனத்தைப் பறிகொடுத்தார். நியூயார்க்கில் மனைவியும், பதின்மூன்று வயது மகளும்! மனைவி கடிதம் எழுதினார். எழுதாமல் என்ன செய்வார்?

அந்தக் கடிதங்களைத்தான் கவிஞர் தம் 'தி டால்பின்' என்ற கவிதைத் தொகுதிக்குள் போட்டார். அநுமதி கேட்கவில்லை. போட்டது மட்டுமா? தம் இஷ்டப்படி சொற்களை மாற்றி, மனைவியே பேசுகிற மாதிரி போட்டார்.

கையெழுத்துப் பிரதியைப் படித்த சிநேகிதி எலிஸபெத் பிஷப்பும் பெரிய கவிஞர்தான். கவிதைகள் அவருக்குப் பிடித்தே இருந்தன. ஆனாலும் 1972-ல் லோவெலுக்கு ஒரு கடிதம் எழுதினார். சம்மதம் பெற்றிருந்தால் ஒரு மாதிரி, கடிதங்களை மாற்றாமல் இருந்தால் ஒரு மாதிரி; இரண்டும் இல்லையென்றால் இது நம்பிக்கைத் துரோகம் அல்லவா? எந்தக் கவிதையும் இவ்வளவு விலை பெறாது என்பது அவர் கட்சி. லோவெல் சிலவற்றை மாற்றினார், வரிசையைத் திருத்தினார். 1973-ல் புத்தகத்தை வெளியிட்டும் விட்டார். 1974-ல் அதற்குப் புலிட்ஸர் பரிசு!

"கவிஞனுக்கு அவனுடைய வாழ்க்கைதானே கச்சாப்பொருள்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயந்தான். தம் கண்ணீரை அவர் எத்தனை படி வேண்டுமானாலும் அளக்கட்டும். மனைவியின் கண்ணீரை, அதுவும் தண்ணீர் கலந்து, அளக்க யார் உரிமை கொடுத்தார்கள்? "நான் அப்படி எழுதவில்லை" என்று அந்த அம்மாள் நிரூபிக்க வேண்டுமானால் அசல் கடிதம் வேண்டும். அதுவோ அவர் கையில் இல்லை. கடிதங்கள் தொலைந்தே போய்விட்டன என்றுதான் எண்ணியிருந்தார். 2007-ல் ஹார்ட்விக் காலமானார். கடிதங்கள் புத்தகமாக வந்தது 2019-ல். எது கடிதம், எது கவிஞரின் கைச்சரக்கு என்பதை ஊரார் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, பார்க்க வேண்டியவர் இல்லை.

1977-ல் லோவெல் நியூயார்க்குக்குத் திரும்பினார். விமான நிலையத்திலிருந்து ஹார்ட்விக்கின் வீட்டுக்கு வந்த டாக்ஸியிலேயே அவர் உயிர் பிரிந்தது. வாசலில் நின்ற வண்டிக்கு இறங்கி வந்தவர் அந்த அம்மாள்தான். மனசு அப்படிப்பட்டது. அதனாலேயே, செய்தது சரியென்று ஆகிவிடுமா?

கவிதை எழுதுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். பிறர் எழுத்தை எடுத்தாளுமுன் ஒரு வார்த்தை கேட்கட்டும். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்க எத்தனை நாழிகை ஆகியிருக்கும்? மாட்டேன் என்று பதில் வந்துவிடுமே என்ற பயந்தான் கேட்கவிடாமல் தடுப்பது. அந்தப் பயம் வரும்போதே பதில் தெரிந்துவிட்டது என்று அர்த்தம்.