மனையும் அவுரியும்

"இது சிவில் மேட்டர், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்." செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை, மனை வாங்கி ஏமாந்தவர்கள் புகாருடன் சென்ற இடங்களில் கேட்டுத் திரும்பும் வாசகம் இது. அதிகாரிகள் சொல்வதில் நமக்கு வியப்பில்லை. படித்த நண்பர்களும் இதையே சொல்லி, "வில்லங்கம் பார்க்காமல் ஏன் வாங்கினார்?" என்று கூடவே கேட்பதுதான் நம்மை எழுத வைத்தது.

இரண்டுமே சட்டத்தின் சொற்களை வாசிக்காத பேச்சு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 415ஆம் பிரிவு வேண்டுவன சிலவே. ஒருவர் பொய்யை மெய்யென நம்பச் செய்திருக்க வேண்டும். அதை நம்பி மற்றவர் பொருளைக் கொடுத்திருக்க வேண்டும். நம்பச் செய்தபோதே நேர்மையற்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். உண்மையை நேர்மையின்றி மறைப்பதும் ஏமாற்றுதலே என்று விளக்கமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவாக எண் மாறியதே ஒழிய இலக்கணம் மாறவில்லை. வாங்கியவர் விழிப்பாயிருந்தாரா என்ற கேள்வி அப்பிரிவில் எங்கும் இல்லை.

நிலத்தை ஒருவருக்கு விற்றுவிட்டு, அதை மறைத்து இன்னொருவருக்கு விற்றுப் பணம் பெறுவது ஏமாற்றுதல் என்று 1860ஆம் ஆண்டுச் சட்டமே எடுத்துக்காட்டு தந்திருக்கிறது. அதே வரிசையில் அவுரியும் வருகிறது. அவுரி தருவதாக முன்பணம் பெற்றவருக்கு, பெறும்போதே தரும் எண்ணம் இல்லையென்றால் குற்றம். எண்ணம் இருந்து பின்னர் வாக்குத் தவறினால் உரிமையியல் வழக்கு மட்டுமே. (சட்டம் நிறைவேறிய வேளையில் வங்கத்தில் அவுரிக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்திருந்தார்கள். யாருடைய முன்பணத்தை நினைத்து எழுதினார்கள் என்று ஊகிப்பது கடினமன்று.)

நீச்சல் குளம் கட்டித் தருவதாகச் சொன்னவர் பின்னர் நொடித்துப்போனால் அது உரிமையியல் வழக்கு; ஒப்புக்கொள்கிறோம். விற்பது ஏரிப் புறம்போக்கு என்று தெரிந்தே, ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்து வந்து, சோறும் போட்டு, எல்லைக்கல்லைக் காட்டி முன்பணம் வாங்கியவரும் இவரும் ஒன்றா?

இன்னொரு சிக்கலும் உண்டு. பிறர் நிலத்தைத் தம்முடையதென்று சொல்லித் தம் பெயரிலேயே ஒருவர் கிரயம் செய்துகொடுத்தால், நிலத்தின் உண்மையான உடைமையாளர் ஏமாற்றப்பட்டவர் அல்லர். பணம் கொடுத்து வாங்கியவரே ஏமாற்றப்பட்டவர். முகமது இப்ராகிம் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் இவ்வாறு தீர்த்தது. அத்தகைய பத்திரம் பொய்யாவணமும் ஆகாது என்றது. ஆக, ஏமாற்றுக் குற்றத்தைச் சொல்ல எஞ்சியிருப்பவர் வாங்கியவர் ஒருவரே. அவரைத்தான் 'சிவில் மேட்டர்' என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறோம்.

புகார் எழுதுவோரிடமும் நமக்குக் குறை உண்டு. "நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டார்" என்று நான்கு பக்கம் எழுதுகிறார்கள். எண்ணம் எப்போது இருந்தது என்பதற்கு ஒரு வரி இல்லை. வில்லங்கச் சான்றில் உள்ள முதல் கிரயத்தின் தேதியையும், தாம் முன்பணம் கொடுத்த தேதியையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதட்டும்.