பாலாற்றில் யாருடைய மீன்கள்?

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் நம் வீடுகளில் இறைச்சி இல்லை, மீன் உண்டு. அந்த மீன் எந்த நீரில், எதைத் தின்று வளர்ந்தது என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

விரால், குறவை, அயிரை, தேளி, நாட்டுக் கெளுத்தி ஆகியவை நம் ஏரிகளுக்கே உரிய மீன்கள். ஏரி வற்றினாலும் விரால் சேற்றுக்குள் புதைந்து உயிர்காத்து, மழை வந்ததும் மீண்டு வரும். நம் மண்ணின் கோடையையும் மழையையும் அறிந்த உயிர்கள் இவை. இன்று இவற்றின் இடத்தை வெளிநாட்டு மீன்கள் பிடித்து வருகின்றன.

அவற்றில் ஒன்று ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏழைகளுக்கு மலிவான உணவு என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் ஆண்டுக்குப் பலமுறை முட்டையிட்டு, குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காக்கும் இந்த மீன் விரைவில் பெருகியது. நாட்டு மீன்களுக்கு இரையும் இடமும் குறைந்தன.

இன்னொன்று ஆப்பிரிக்கக் கெளுத்தி. இது சிறு மீன், தவளை, நத்தை என எதையும் விழுங்கும். காற்றையும் சுவாசிக்கும், ஈரத்தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கும் போகும். மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே இதை வளர்க்கத் தடை விதித்தது. ஆனாலும் கோழிக்கழிவைக் கொட்டி இரகசியமாக வளர்க்கிறார்கள். அதிகாரிகள் குட்டைகளை அழிக்கிறார்கள். சில மாதங்களில் வேறிடத்தில் புதுக் குட்டை முளைக்கிறது.

குட்டைக்குள் இருக்கும் மீனால் ஆற்றுக்கு என்ன கேடு என்று கேட்கலாம். 2018-இல் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது, வளர்ப்புக் குளங்களிலிருந்து தப்பிய அமேசான் மீனான அரபைமா சாலக்குடி ஆற்றில் பிடிபட்டது. 2021 நவம்பரில் நம் பாலாற்றிலும் பெருவெள்ளம் ஓடியது. வெள்ளம் எந்தக் குட்டையின் கரையையும் மதிப்பதில்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தோல் பதனிடும் கழிவு பாலாற்றைப் பல்லாண்டுகளாகக் கெடுத்துள்ளது. உச்ச நீதிமன்றம் 1996-இலும், மீண்டும் 2025 ஜனவரியிலும் இதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தது. கெட்ட நீரில் நாட்டு மீன்கள் பல தாக்குப்பிடிப்பதில்லை. வந்தேறி மீன்களோ தாக்குப்பிடிக்கின்றன. ஆறு நோயுற்றால்தான் அவற்றுக்கு வெற்றி எளிது. எனவே ஆற்றைத் தூய்மையாக்காமல் மீனை மட்டும் விரட்டுவது பயன் தராது.

அந்நியரை வரவேற்கச் சொல்லும் திருமறை, அந்நிய மீனை மட்டும் வெறுக்கச் சொல்கிறதா? இல்லை. அந்த மீன் தானாக வரவில்லை, நாம்தான் கொண்டுவந்தோம். பழி மீனுக்கு அல்ல, பொறுப்பு நமக்கே. கடன் வாங்கிக் குட்டை வெட்டிய ஏழை விவசாயியின் குட்டையை அழித்துவிட்டுப் போவதும் நீதியாகாது. விரால், கட்லா, ரோகு வளர்க்க அவருக்குக் குஞ்சும் பயிற்சியும் கிடைக்க வேண்டும்.

பல்லுயிர் குறித்த பன்னாட்டு அறிஞர் குழு 2023-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் அற்றுப்போன உயிரினங்களில் 60 விழுக்காட்டின் அழிவில் வந்தேறி உயிரினங்களுக்குப் பங்குண்டு என்கிறது. அற்றுப்போனதை எந்தத் தீர்ப்பாலும் மீட்க முடியாது.

நாம் என்ன செய்யலாம்? கடையில் மீனின் பெயரைக் கேட்டு வாங்குவோம். மலிவாகக் கிடைத்தாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியை மறுப்போம். வாங்குவோர் இல்லையேல் வளர்ப்போரும் இல்லை. வீட்டுத் தொட்டியில் வளர்த்துச் சலித்த மீனையும் ஆமையையும் ஏரியிலோ கிணற்றிலோ விடாதிருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். நம் ஏரியில் விரால் துள்ளுவதை நம் பேரப்பிள்ளைகளும் பார்க்கட்டும்.