டிராயிங் மாஸ்டர் வேண்டாம், செக்கர் வேண்டும்

அரசு மருத்துவத்துறையின் கணினி விவகாரங்களுக்கு வழிகாட்ட ஒரு என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்டை வேலைக்கு எடுக்கணும் என்று யாராவது சொன்னால், எல்லோரும் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டுவேன். ஆனால் ஒரே ஒரு கேள்வி: அந்த மனுஷர் 'வேண்டாம்' என்று எழுதினால் ஒரு டெண்டராவது நிற்குமா?

நிற்காது என்றால் அவர் ஆர்க்கிடெக்ட் இல்லை சார், டிராயிங் மாஸ்டர்.

படத்துக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. 2019-ல் ஜே. சத்தியநாராயணா தலைமையிலான குழு தேசிய டிஜிட்டல் சுகாதார ப்ளூபிரிண்ட் கொடுத்தது. நல்ல ஆவணம்தான், குறை சொல்ல மாட்டேன். அதை வைத்து 2020 ஆகஸ்ட் 15-ல் ஆறு யூனியன் பிரதேசங்களில் ஆரம்பித்து, 2021 செப்டம்பரில் நாடு முழுக்க விரித்தார்கள். 14 இலக்க ஆபா எண் வந்தது. சரி, கீழே?

ஏ.என்.எம். அக்காவைப் பாருங்கள் (நம்மூரில் கிராம சுகாதார செவிலியர்). கர்ப்பிணிக்கு ஆர்.சி.எச்., காசநோய்க்கு நிக்‌ஷய், சர்க்கரை, பிரஷருக்கு என்.சி.டி., தடுப்பூசிக்கு யூ-வின். ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம், தனிப் பிரிவு. போதாக்குறைக்குப் பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. டெல்லியில் வரைந்த படத்தைக் காட்டி ஒரு மாநிலத்தின் பர்ச்சேஸை நிறுத்த முடியாது.

நான் பேங்க்காரன், எனக்குத் தெரிந்தது மேக்கர்-செக்கர். ஒருத்தர் என்ட்ரி போடணும், இன்னொருத்தர் பாஸ் பண்ணணும். பாஸ் ஆகாவிட்டால் பணம் நகராது. எங்களிடமும் கிளைக்குக் கிளை தனி சாஃப்ட்வேர் இருந்த காலம் உண்டு. பிராஞ்ச் மேனேஜர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியா கோர் பேங்கிங் வந்தது? இனி தனியாக வாங்கக்கூடாது என்று மேலே ஒருத்தர் சொன்னார், வந்தது.

செக்கர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023-ன் சி.ஏ.ஜி. அறிக்கை இருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் ஒரே மொபைல் எண்ணில், அதுவும் வரிசையாகப் பத்து ஒன்பதுகள், 7,49,820 பயனாளிகள்! மொபைல் எண் அடையாளத்துக்கு அல்ல, தொடர்புக்குத்தான் என்று விளக்கம் வந்தது. அப்போ யாரைத் தொடர்பு கொள்வதாக உத்தேசம்? என் கிளையில் பத்துக் கணக்கு இப்படி இருந்தாலே ஆடிட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"அதிகாரத்தை ஒரே இடத்தில் குவித்தால் இங்கிலாந்து மாதிரி ஆகிவிடும்" என்பார்கள். அங்கே 2002-ல் என்.எச்.எஸ்.-க்காக எல்லாவற்றையும் மையத்திலிருந்தே பெரிய கம்பெனிகளிடம் வாங்கினார்கள். பல நூறு கோடி பவுண்டு செலவழித்து, 2011-ல் திட்டத்தைக் கலைப்பதாக அறிவித்தார்கள். ஆனால் அது வாங்கும் அதிகாரம். நான் கேட்பது நிறுத்தும் அதிகாரம். செக்கரே மேக்கராக இருக்கக்கூடாது என்பது எங்கள் ஊர் கிளார்க்குக்கும் தெரியும்.

அதனால்தான் கன்சல்டன்சி மூலம் ஒரு வருஷக் கான்ட்ராக்டில் ஆள் எடுப்பதை எதிர்க்கிறேன். அடுத்த டெண்டருக்கு அவருடைய கம்பெனியே வந்து நின்றால் அவர் எப்படி 'நோ' எழுதுவார்? நிரந்தரப் பதவி, ஐந்து வருஷம் அசைக்க முடியாத நாற்காலி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒருவர். அவர் 'நோ' எழுதினால் காரணத்தோடு பொதுவில் போடணும். மந்திரி அதை மீறலாம், ஆனால் அவரும் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும்.

பி.கு: சேர்ந்ததும் ஆறு மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ட்ரி போடும் வேலை. ஆறு மாதம் அதிகம் என்பவர்கள் தடுப்பூசி நாளன்று ஒரே ஒரு தடவை அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள், பேசலாம்.