கட்டா, கட்டியா? எதுவானாலும் எடை போட்டு வாங்குவோம்!



சம்பா அறுவடை முடிஞ்ச கையோட, தை, மாசியில டெல்டா வயல்கள்ல கட்டு மிஷின் ஓட ஆரம்பிச்சிடும். அறுவடை இயந்திரம் போட்டுட்டுப் போன வைக்கோலை வாரி எடுத்து, உருட்டி, கயிறு கட்டி வரப்போரமா தள்ளிவிடும். நாலு நாள்ல லாரி வரும், ஏத்திக்கிட்டுப் போயிடும். பாதி வண்டி கேரளாவுக்குப் போகும். சித்திரை, வைகாசியில நம்ம ஊர் மாட்டுக்கு வைக்கோல் தேடினா, அதே வைக்கோல் கூடுதல் விலையில திரும்பி வரும்.

இன்னொரு பக்கம், தீவனக் கட்டி சந்தைக்கு வந்திருக்கு. வைக்கோலை நறுக்கி, தவிடு, பிண்ணாக்கு, மொலாசஸ், தாது உப்பு கலந்து, செங்கல் மாதிரி அழுத்திக் கொடுக்கிறாங்க. "இது மட்டும் போதும், வேற தீவனமே வேண்டாம்"னு சொல்லி விக்கிறவங்களும் உண்டு.

ரெண்டு மாடு வெச்சுக்கிட்டு சொசைட்டிக்குப் பால் ஊத்துற நம்ம அக்கா, அண்ணன் எதை வாங்குறது? இது சின்ன கேள்வியா தெரியலாம். ஆனா பால் பணத்துல பெரும்பங்கு போறது தீவனத்துக்குத்தான். அங்க ஏமாந்தா, விடியற்காலையில இருந்து பட்ட பாடு முழுக்க இன்னொருத்தர் பைக்குப் போகும். அதனால நம்ம இயக்கத் தோழர்கள் ஒவ்வொருத்தரும் இந்தக் கணக்கைத் தெரிஞ்சு வெச்சிருக்கணும்.

முதல்ல கட்டு.

ஒரு கறவை மாட்டுக்கு நாளைக்கு 5 கிலோ வைக்கோல்னு வைப்போம். ரெண்டு மாட்டுக்கு 10 கிலோ. கோடையில நாலு மாசம், அதாவது 120 நாளைக்கு 1,200 கிலோ வேணும். ஒரு கட்டு 15 கிலோ, விலை 60 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். 80 கட்டு, 4,800 ரூபாய். ஆனா கட்டை இழுத்து இறுக்காம 12 கிலோவுலயே கட்டியிருந்தா? அதே 1,200 கிலோவுக்கு 100 கட்டு வாங்கணும், 6,000 ரூபாய் ஆகும். விலை ஏறவே இல்லை, ஆனா 1,200 ரூபாய் போயிடுச்சு! கட்டை எண்ணி வாங்கினா இது கண்ணுக்கே தெரியாது. தராசு வெச்சாத்தான் தெரியும்.

அடுத்தது ஈரம். குறுவை அறுவடை புரட்டாசி, ஐப்பசியில மழையோட மல்லுக்கட்டி நடக்கிறது. அந்த வைக்கோலை நனைஞ்ச நிலையில உருட்டிக் கட்டினா, வெளியே பொன்னிறமா இருக்கும், உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிச்சிருக்கும். அதனால கட்டை வாங்கும்போது ஒன்றையாவது பிரிச்சு, நடுவுல கையை விட்டுப் பாருங்க. சூடா இருந்தாலோ, புழுங்கின வாடை அடிச்சாலோ, கறுப்புப் புள்ளி, வெள்ளைப் பொடி தெரிஞ்சாலோ வேண்டாம். சேமிச்சு வைக்க, வெயில்ல காய்ஞ்ச சம்பா வைக்கோல்தான் நல்லது.

இனி கட்டி.

கட்டியில நிஜமாவே நல்ல விஷயம் இருக்கு. வைக்கோல் ஏத்தின லாரியைப் பார்த்திருப்பீங்க. வண்டி நிறைஞ்சிடும், எடை நிறையாது. அழுத்திய கட்டி அதே இடத்துல பல மடங்கு எடை பிடிக்கும். தஞ்சாவூர் வைக்கோல் ராமநாதபுரத்து வறட்சிக்குப் போகணும்னா, கட்டியாப் போனா வண்டி வாடகை பெருமளவு மிச்சம். வைக்க இடமும் கொஞ்சம் போதும். மாடு காலால மிதிச்சு வீணாக்குறதும் குறையும்.

ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும்.

ஒண்ணு, விலைக் கணக்கு. கட்டி விலையை வெறும் வைக்கோல் விலையோட ஒப்பிட்டா தப்பாப் போகும். அதுல தவிடும் பிண்ணாக்கும் சேர்ந்திருக்கு. ஒரு கிலோ கட்டியில வைக்கோல் எவ்வளவு, மற்றது எவ்வளவுன்னு கேளுங்க. அதே அளவை நீங்க தனித்தனியா வாங்கினா என்ன ஆகும்னு போட்டுப் பாருங்க. கலவை என்னன்னு சொல்ல மாட்டேங்கிற வியாபாரிகிட்ட வாங்காதீங்க.

ரெண்டு, நார். மாடு அசை போடணும். அசை போட்டாத்தான் உமிழ்நீர் ஊறும். அந்த உமிழ்நீர்தான் வயிற்றுப் புளிப்பை அடக்கும். வைக்கோலை மாவா அரைச்சு அழுத்தின கட்டியை மட்டுமே கொடுத்தா அசை குறையும், புளிப்பு ஏறும், பால்ல கொழுப்பு இறங்கும். சொசைட்டியில விலை நிர்ணயம் ஆகிறதே கொழுப்பையும் இதரச் சத்தையும் வெச்சுத்தான். தீவனத்துல மிச்சம் பிடிச்ச காசு பால்ல போயிடும்! வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கட்டியை வாளித் தண்ணியில ஊற வைங்க. கரைஞ்சதும் விரல்ல எடுத்துப் பாருங்க. நறுக்கின நார் நாராத் தெரிஞ்சா சரி. வெறும் கூழா இருந்தா, கூடவே நீளமான வைக்கோல் கட்டாயம் கொடுக்கணும். புதுத் தீவனத்துக்கு மாத்தும்போது ஒரே நாள்ல மாத்தாதீங்க. ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க.

ஆக, பக்கத்துலயே காய்ஞ்ச வைக்கோல் கிடைக்கிற ஊர்ல கட்டுதான் லாபம். சத்து குறைவுன்னு கவலை வேண்டாம். நெல் வைக்கோல்ல புரதம் 3, 4 சதவீதம்தான். பசுந்தீவனத்தையும் தாது உப்பையும் சேர்த்துக் கொடுத்தா ஈடுகட்டலாம். தூரத்துல இருந்து வரவேண்டிய ஊருக்கும், வறட்சிக் காலத்துக்கும், வைக்க இடமில்லாதவங்களுக்கும் கட்டி கைகொடுக்கும், நார் இருந்தா, கலவை தெரிஞ்சா.

தோழர்களே, இதுல பால் குடிக்கிற நம்ம பிள்ளைகளோட பங்கும் இருக்கு.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதிச்சு, 2019-ல் முடிவை வெளியிட்டது. அஃப்லாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு, அனுமதிச்ச அளவைத் தாண்டி 368 மாதிரிகள்ல இருந்தது. அதுல 88 மாதிரி தமிழ்நாட்டுல எடுத்தது! இங்கே சோதிச்சது 551; ஏறக்குறைய ஆறில் ஒன்று. அந்த நஞ்சு பாலுக்கு வர்றது தீவனம் வழியாத்தான். பூஞ்சை பிடிச்ச பிண்ணாக்கு, மக்காச்சோளம், நனைஞ்ச தீவனம் இதெல்லாம் காரணம். பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. கட்டியிலயும் பிண்ணாக்கு இருக்கு. அதனால ஆலையில செஞ்சதுங்கிறதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு நம்பவும் முடியாது.

இதை மாட்டுக்காரர் தலையில மட்டும் கட்டிட்டுப் போறது நியாயமா? ரெண்டு மாடு வெச்சிருக்கிறவர் கையில ஈரம் அளக்கும் கருவியும் இல்லை, ஆய்வகமும் இல்லை, 80 கட்டை மழையில நனையாம வைக்கக் கொட்டகையும் இல்லை. தை மாசம் மொத்தமா வாங்கிப்போட முதலும் இல்லை. அதை இருப்பு வைக்கிறவங்கதான் கோடையில விலை சொல்றாங்க. வறட்சி வந்தப்புறம் அரசு உலர்தீவனக் கிடங்கு திறக்கிறது, மானியத்துல கொடுக்கிறது நல்லதுதான். அதை வறட்சி வர்றதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு ஆண்டும் செஞ்சா என்ன?

அதனால நாம கேட்கிறது இவ்வளவுதான்:

1. பால் கூட்டுறவுச் சங்கங்கள் அறுவடைக் காலத்துலயே வைக்கோல் வாங்கி, மேடை போட்ட கொட்டகையில இருப்பு வெச்சு, கோடையில உறுப்பினர்களுக்கு அடக்க விலையில கொடுக்கணும்.

2. வைக்கோல் கட்டு எண்ணிக்கையில இல்லாம, எடையில விற்கப்படணும். சங்கத்துல தராசும் ஈரம் அளக்கும் கருவியும் இருக்கணும்.

3. தீவனக் கட்டி ஒவ்வொன்றிலும் கலவை விவரம், யூரியா அளவு, தயாரிச்ச தேதி தமிழ்ல அச்சிட்டிருக்கணும்.

4. தீவனத்துல பூஞ்சை நஞ்சு இருக்கான்னு பார்க்க மாவட்டம்தோறும் மாதிரி வாங்கும் மையம் வேணும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில தீவன ஆய்வகம் இருக்கு. டெல்டாவுல இருக்கிற ஒரு விவசாயி ஒரு பை தீவனத்தைத் தூக்கிக்கிட்டு அங்கே வரைக்கும் போகணுமா?

அரசு செய்யும்வரை நாம சும்மா இருக்க வேண்டாம். பத்து வீடு சேர்ந்து ஒரு வண்டி வைக்கோல் வாங்கினா, பேரம் பேசும் பலம் நம்ம பக்கம் வரும். கிளைத் தோழர்கள் இந்த வாரம் உங்க ஊர்ல பத்துக் கட்டை எடை போட்டுப் பாருங்க. ஊர்ப் பேர், கட்டின் எடை, விலை மூணையும் கீழே பின்னூட்டத்துல எழுதுங்க. தொகுத்து, கோரிக்கை மனுவோட இணைச்சு ஆட்சியர் அலுவலகத்துல குறைதீர் நாளில் கொடுப்போம்.

மாட்டுக்குப் போடுற தீவனத்துக்குக் கணக்கு கேட்போம். அது நம்ம உரிமை.

#எடைபோட்டுவாங்குவோம் #பால்உற்பத்தியாளர்உரிமை