ஒல்லியா... கில்லியா?

இந்த வாரம் ஒரு பாவமன்னிப்போட ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் அப்பா சீட்டு எடுத்து எனக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். கடையில வரிசையா இருந்ததுல நான் எதைக் கை காட்டினேன் தெரியுமா? இருக்கறதுலயே ஒல்லியா இருந்ததை! ஏர்போர்ட்ல கோட் போட்ட ஆபீஸர்ஸ் கக்கத்துல இடுக்கிட்டுப் போவாங்களே, அந்த டைப். அப்பா கையில வாங்கித் தூக்கிப் பார்த்துட்டு, ‘‘நோட்டுப் புத்தகம் மாதிரி இருக்கே... தாங்குமா?’’னு கேட்டார். ‘‘இது பிசினஸ் மாடல்ப்பா... உங்களுக்குத் தெரியாது’’னு வாயை அடைச்சுட்டேன்.

அஞ்சாவது செமஸ்டர், ப்ராஜெக்ட் ரிவ்யூ. சிமுலேஷனை ஓட விட்டேன். முதல் மூணு நிமிஷம் சும்மா பறந்துச்சு. அப்புறம் ஃபேன் மிக்ஸி மாதிரி அலற, கீபோர்டு தோசைக்கல் ஆக, ஸ்க்ரீன்ல இருந்த சதவிகிதம் அப்படியே படுத்துருச்சு. ஹெச்.ஓ.டி. வாட்சைப் பார்த்தார். ‘‘நெக்ஸ்ட் டீம்!’’

ஹாஸ்டலுக்கு வந்து கவுந்து படுத்து யோசிச்சதுல புரிஞ்சுது. மெஷின் மேல தப்பு இல்ல பாஸ். வேற ஒருத்தருக்குத் தைச்ச சட்டையை நான் வாங்கிப் போட்டிருக்கேன்!

கொஞ்சம் சயின்ஸ் பேசலாமா? ‘ஐ7’னு ஸ்டிக்கரைப் பார்த்ததும் நாம மயங்கிடறோம். ஆனா, அந்தச் சில்லு தொடர்ந்து எத்தனை வாட் சாப்பிடலாம்கறதுதான் நிஜமான பவர். 2022-ல இன்டெல்லோட 12-ம் தலைமுறை வந்தப்போ, மெலிசான லேப்டாப்புக்கான ‘யூ’ வகைக்கு 15 வாட், ‘பி’ வகைக்கு 28 வாட், ‘ஹெச்’ வகைக்கு 45 வாட்னு அடிப்படை அளவு வெச்சாங்க. மூணுலயும் ஐ7 உண்டு! சாப்பிட்ட வாட் எல்லாம் கடைசியில சூடாத்தான் வெளிய வரும். உடம்பு ஒல்லியா இருந்தா, சூட்டை வெளிய தள்ற ஃபேனும் செம்புக் குழாயும் சின்னதாயிரும். தாங்க முடியாத கட்டத்துல ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். இதுக்குப் பேர் ‘த்ராட்லிங்’. என் ரிவ்யூவுல நடந்தது அதேதான்.

இந்த இழுபறி நேத்து இன்னிக்கு வந்தது இல்ல. 2008 ஜனவரியில சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு தபால் கவரைப் பிரிச்சு, உள்ளேருந்து ‘மேக்புக் ஏர்’ லேப்டாப்பை உருவினார். கூட்டம் வாயைப் பிளந்துச்சு. எடை 1.36 கிலோ. ஆனா, ஒரே ஒரு யூ.எஸ்.பி. துளை, டி.வி.டி. டிரைவ் கிடையாது, நெட்வொர்க் கேபிள் சொருக இடம் இல்ல, 2 ஜி.பி. ராம் போர்டோட ஒட்டவெச்சது.

அடுத்த மாசமே லெனோவா ‘திங்க்பேட் எக்ஸ்300’னு ஒண்ணை இறக்குச்சு. ஏறக்குறைய அதே எடைதான். ஆனா மூணு யூ.எஸ்.பி., நெட்வொர்க் துளை, டி.வி.டி. டிரைவ், கழட்டி மாட்டற பேட்டரினு எல்லாம் இருந்துச்சு. அப்போ இதுதானே கில்லி? அவசரப்படாதீங்க. ஏர்ல 1.6 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், இதுல 1.2தான். விலையும் ஏரை விட ஜாஸ்தி. ஒருத்தர் துளையைக் குறைச்சார், இன்னொருத்தர் வேகத்தைக் குறைச்சார். ஓசியில யாருக்கும் எதுவும் கிடைக்கல!

இன்னும் மெலிசாக்கணும்னு 2015-ல ஆப்பிள் 12 இன்ச் மேக்புக் விட்டுச்சு. ஃபேனே கிடையாது, 0.92 கிலோ. கீபோர்டையும் தட்டையாக்க ‘பட்டர்ஃப்ளை’னு புது டிசைன். அந்தக் கீ மாட்டிக்குது, ஒரு தடவை தட்டினா ரெண்டு எழுத்து விழுதுனு புகார்கள் கிளம்ப, 2018-ல இலவச ரிப்பேர் திட்டம் அறிவிச்சாங்க. வழக்கு கோர்ட்டுக்குப் போய், தப்பை ஒப்புக்காமலே 5 கோடி டாலர் கொடுக்க 2022-ல ஆப்பிள் சம்மதிச்சுது. சில மில்லிமீட்டரைத் திருடினதுக்கு அவ்வளவு பெரிய பில்!

‘அதெல்லாம் பழைய கதை, 2020-ல எம்1 சில்லு வந்து எல்லாத்தையும் மாத்திடுச்சே’ம்பீங்க. பாதி உண்மை. கம்மி வாட்ல அவ்வளவு வேலை செஞ்சது பெரிய பாய்ச்சல்தான். ஆனா, அதே எம்1 ஃபேன் இல்லாத ஏர்லயும் இருந்துச்சு, ஃபேன் வெச்ச ப்ரோலயும் இருந்துச்சு. சின்ன வேலையில ரெண்டும் சமம். நீளமான வேலை கொடுத்தா ஏர் மெதுவாயிரும். சூட்டுக்கு பிராண்ட் தெரியாது மக்களே!

அப்போ ஒல்லி லேப்டாப் ஏமாத்து வேலையா? இல்லவே இல்ல. தினமும் ஊர் ஊராப் பறக்கற ஆபீஸரை நினைச்சுப் பாருங்க. மெயில், எக்ஸெல், மீட்டிங். அவர் வேலை நூறு மீட்டர் ஓட்டம். அஞ்சு செகண்ட் பவர் போதும். தோள்ல எடை குறையணும், கீபோர்டு நல்லா இருக்கணும், நூறு தடவை திறந்து மூடினாலும் கீல் ஆடக் கூடாது. அவருக்கு அது பொருத்தமான சட்டை. நீங்க பி.காமோ, இலக்கியமோ படிச்சா உங்களுக்கும்தான். சிமுலேஷன், வீடியோ எடிட்டிங்னு மாரத்தான் ஓடற நமக்குத்தான் மூச்சு வாங்கும்.

வாங்கப் போறீங்களா? சீட்டுப் பணம் கரையறதுக்கு முன்னாடி நாலு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, ராம் ஒட்டவெச்சதானு கேளுங்க. ஆமான்னா, பின்னாடி ஏத்திக்கலாம்கற கதை நடக்காது. இப்பவே 16 ஜி.பி. எடுங்க.

ரெண்டு, பேட்டரிக்குக் கணக்குப் போடுங்க. 57 வாட்-அவர் பேட்டரி, நோட்ஸ் அடிக்க மொத்தமா 6 வாட் இழுத்தா ஒன்பது மணி நேரம் தாண்டும். கனமான வேலைக்கு 28 வாட் இழுத்தா ரெண்டே மணி நேரம்!

மூணு, எடையை அடாப்டரோட சேர்த்துப் பாருங்க. அண்ணாச்சி கடைத் தராசுல வெச்சுப் பார்த்தேன், என் 1.2 கிலோ அழகி, அடாப்டர், கன்வெர்ட்டரோட சேர்ந்து 1.7 ஆனா!

நாலு, கொஞ்சம் தடியான பழைய பிசினஸ் மாடலைக் கேவலமா நினைக்காதீங்க. நிறைய மாடல்ல ராமை மாத்தலாம். பேட்டரி ஆயுளையும், பயாஸ் பாஸ்வேர்டு பூட்டு இல்லைங்கறதையும் பார்த்துட்டு வாங்குங்க.

நான் என்ன செஞ்சேன்? ரெண்டாவது ரிவ்யூவுக்கு சிமுலேஷனை ராத்திரியே லேப் டெஸ்க்டாப்ல ஓட்டி, ரிசல்ட்டை மட்டும் என் ஒல்லியில காட்டினேன். ஹெச்.ஓ.டி. தலையாட்டினார்.

அன்னிக்கு சாயந்தரம் அப்பா போன்ல அதே கேள்வியைக் கேட்டார், ‘‘தாங்குதா?’’

‘‘தாங்குதுப்பா. நீங்க கேட்டப்பவே நான் கேட்டிருக்கணும்.’’

சீட்டு முடிய இன்னும் ஏழு தவணை இருக்கு. வரட்டா!